பேஸ் எங்கே போனது?

கேள்வி: மலிவான டேர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றி) ஒன்றை அப்பாவின் பழைய அம்ப்ளிபயரில் பூட்டினேன். சத்தம் மெலிந்து, பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) இல்லாமல் கேட்கிறது. எந்தப் போனோ பிரீ-ஆம்ப் (டேர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலை அம்ப்ளிபயருக்கு ஏற்றபடி பெருக்கும் கருவி) வாங்கலாம், அண்ணை? — வாசகர், கொக்குவில்

பதில்: காசை எடுக்கமுதல் பின்பக்கத்தைப் பாரும், தம்பி. டேர்ன்டேபிளில் 'போனோ/லைன்' சுவிட்ச் இருந்தால் பிரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. லைனுக்குத் தள்ளினால் சரி. அப்பாவின் அம்ப்ளிபயரில் 'போனோ' என்று எழுதிய துளை இருந்தாலும் செலவில்லை.

இரண்டும் இல்லையா? மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவைக் காந்தத்தால் மின் சிக்னலாக்கும் பகுதி) தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கினால் மட்டும் போதாது. இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த பேஸை, ஆர்ஐஏஏ என்ற இசைத்தட்டு ஒலிப்பதிவுத் தரமுறைப்படி திரும்ப ஏற்றவும் வேண்டும். அதனால் பெருக்க மட்டும் செய்யும் மைக் பிரீ-ஆம்பை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதேயும். நான் சொல்வது ஆர்ட் நிறுவனத்தின் டிஜே பிரீ 2 என்ற போனோ பிரீ-ஆம்ப். சத்த அளவைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், எர்த் வயர் பூட்டவும் இடமுண்டு. அந்த வயரை விட்டால் 'ம்ம்ம்' என்று இரையும். மிச்சக் காசுக்கு நல்ல ஊசி வாங்கும்.