தென்னை மட்டையைத் தொட மாட்டேன் என்கிறார்கள். குப்பை வரி மட்டும் கட்ட வேண்டுமா?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு நகராட்சியில், ஐந்தரை சென்ட் இடத்தில் எனக்குச் சொந்த வீடு. கணவர் தவறிவிட்டார். கீழே நான், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். இரண்டு தென்னை, ஒரு வேம்பு, ஒரு முருங்கை நிற்கின்றன. முன்பெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போவார்கள். இப்போது புது ஒப்பந்தமாம். சமையலறைக் குப்பை தினமும், பிளாஸ்டிக்கும் பேப்பரும் புதன்கிழமை மட்டும். சருகு, கிளை, மட்டை எதையும் எடுப்பதில்லை. "இருநூறு ரூபா குடுத்தா தனியா வந்து எடுக்கிறோம்" என்கிறார் ஒருவர். பதினொரு சாக்குச் சருகு சுவரோரம் நிற்கிறது. மாடியில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கலந்து போடுவதால் பல நாள் வாளியைத் திருப்பிவிடுகிறார்கள். அதனால் கொல்லையில் குழி வெட்டிச் சமையல் கழிவைப் போட்டேன். நாற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போவேன் என்கிறார். அவரோ சாயங்காலமானால் வேலியோரம் சருகைக் கொளுத்துகிறார், எனக்கு வீசிங். போன வாரம் குப்பையைக் கலந்து போட்டதற்கு என் பெயரில் அபராத நோட்டீஸ், ஏழு நாளில் பதில் கேட்டு. குப்பைக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் நோட்டீஸுக்கு வருகிறேன், அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள். நீங்கள் கலந்து போடவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். சட்டம் "கழிவு உண்டாக்குபவர்" என்று சொல்லும்போது ஆளை மட்டுமல்ல, குடியிருப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வரிப் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், நோட்டீஸும் உங்களுக்குத்தான் வரும். ஆகவே "எனக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதாதீர்கள். நகராட்சியின் எந்தத் துணைவிதியின் எந்தப் பிரிவில் அபராதம், எந்தத் தேதியில் கலந்த குப்பை கொடுக்கப்பட்டது, பார்த்தவர் யார் என்று கேளுங்கள். இந்த மூன்றும் நோட்டீஸில் இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள். மாடி வீடு தனிக் குடித்தனம், இனிமேல் அவர்களுக்குத் தனி வாளி, அதில் வீட்டு எண் எழுதி வைக்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளைக்குள் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். தபாலில் அனுப்புவதானால், பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு அனுப்புங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் குப்பை பிரிப்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது என்று நினைக்கிறேன். நான் பார்க்கும் பத்திரங்களில் கரன்ட் பில், மோட்டார், வெள்ளையடிப்பு எல்லாம் இருக்கும், குப்பை இருக்காது. 2017-ம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் கட்டாயம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, கலந்து போட்டு வரும் அபராதம் வாடகைதாரரைச் சேரும் என்று எழுதிவிடுங்கள்.

சமையலறைக் கழிவை அவர்கள் மறுப்பது சரியா என்றால், கலந்திருந்தால் சரி, பிரித்திருந்தால் தவறு. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. சமையல் கழிவும் பூவும் ஈரக் கழிவு. பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி உலர் கழிவு. நாப்கின், டயாபர் ஒரு தனிப் பை. காலாவதியான மருந்து, பல்பு, பெயின்ட் டப்பா இன்னொரு தனிப் பை. மாடியில் கைக்குழந்தை இருந்தால் சண்டை பெரும்பாலும் டயாபரில்தான் தொடங்கியிருக்கும். ஈர வாளியில் ஒரு டயாபர் கிடந்தால் போதும், அந்த வாளி முழுக்க உரத்துக்கு ஆகாது. அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியவர் அந்தப் பணியாளர்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தோட்டக் கழிவு வேறு கணக்கு. உங்கள் பிரச்னையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீட்டுவாசலில் தினமும் வாங்க வேண்டிய குப்பையோடு சட்டம் இதைச் சேர்க்கவில்லை. 2016 விதிகளிலேயே தோட்டக் கழிவுக்குத் தனியாக ஒரு வரி இருந்தது: அவரவர் வளாகத்தில் தனியே வைத்திருந்து, உள்ளாட்சி அவ்வப்போது சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும். குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியை ஒருமுறை நின்று பாருங்கள். நாலைந்து டிரம் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் உங்கள் தென்னை மட்டை ஒன்றைக் குறுக்கே போட்டால் மூடி மூடாது, தெருவில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போகும். ஆகவே அந்த வண்டியில் மட்டையை ஏற்ற மாட்டேன் என்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "உள்ளாட்சி சொல்கிறபடி" என்றால் உள்ளாட்சி எதையாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? மாதம் இரண்டு நாள் டிராக்டர் வரும் என்று சொல்லலாம். மூன்றடிக்கு வெட்டிக் கட்டி வையுங்கள் என்று சொல்லலாம். உரக்கிடங்கில் கொண்டுவந்து போடுங்கள் என்று சொல்லலாம். தனிக் கட்டணம் உண்டு என்றும் சொல்லலாம், மன்றத் தீர்மானமும் துணைவிதியும் இருந்தால். ஒன்றும் சொல்லாமல் "எடுக்க மாட்டோம்" என்று மட்டும் சொல்லி வாசலோடு போக முடியாது. திடக்கழிவு மேலாண்மை அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையிலேயே நகர உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறினாலும் பொறுப்பு நகராட்சியை விட்டுப் போகாது.

பணமில்லை, வண்டியில்லை, ஆளில்லை என்று சொல்வார்கள். அதற்குப் பதில் 1980-லேயே வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஒரு ஊர். திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் ஒரு தெருவில் குடியிருந்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி கையில் காசில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அதை ஏற்கவில்லை. சட்டம் சுமத்திய கடமைக்கு நிதிப் பற்றாக்குறை சாக்கு ஆகாது என்றது. அந்தத் தெருவாசிகள் பயன்படுத்திய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. இங்கே கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பதினொரு சாக்குச் சருகுக்காக அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. தெருமுனையில் மலைபோல் குவிந்து அழுகினால் அப்போது பார்க்கலாம்.

இப்போது நீங்கள் எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். நகராட்சி ஆணையருக்கு, நகல் துப்புரவு ஆய்வாளருக்கு. "என் வீட்டு மரங்களின் சருகும் மட்டையும் இந்தத் தேதியிலிருந்து எடுக்கப்படவில்லை. இவற்றை எந்த நாளில், எந்த அளவில் கட்டி, எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும். கட்டணம் உண்டென்றால் எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி, யாரிடம் ரசீது பெறுவது என்றும் தெரிவிக்கவும்." இவ்வளவுதான். இருநூறு ரூபாய் கேட்டவரின் பெயரை இதில் எழுதாதீர்கள். அதிகாரபூர்வக் கட்டணம் ஒன்று இருந்து ரசீதும் கொடுத்தால் கட்டலாம், ரசீதில்லாமல் கொடுக்காதீர்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியை வீழ்த்தி உங்கள் மட்டை நகரப் போவதில்லை.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியை எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: குப்பை சேகரிப்பு ஒப்பந்தத்தின் நகல், உங்கள் வார்டின் வண்டி அட்டவணை, தோட்டக் கழிவு பற்றிய மன்றத் தீர்மானம். ஒப்பந்தத்தில் தோட்டக் கழிவும் சேர்ந்தே இருந்து, வாசலில் மட்டும் மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஆய்வாளர் மேசையில் வைத்ததும் மறுவாரமே டிராக்டர் வந்தது.

அதற்கும் அசையாவிட்டால், ரிட் (நகராட்சிக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறி, யானைமலையைப் பார்த்துக்கொண்டு உயர் நீதிமன்றக் கிளை வாசலில் நிற்பதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. பலருக்கும் அது தெரியாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 22-ஏ பிரிவு, பொதுச் சுகாதாரத் துப்புரவை "பொதுப் பயன்பாட்டுச் சேவை" என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தச் சேவைகளில் வரும் தகராறுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம். கோர்ட் கட்டணம் கிடையாது. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் தீர்ப்பே சொல்லலாம், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். முக்கியமான நிபந்தனை, வேறு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே அங்கே போயிருக்க வேண்டும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இன்னொன்று: அதே சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. இதை எழுதினால் என் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

குப்பைக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். பயனாளர் கட்டணம் கட்ட வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் நிலுவையாக ஏறும், அப்புறம் நீங்கள்தான் விதியை மீறியவர் ஆவீர்கள். கட்டிவிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் புகைக்கு வருவோம். "என் இடத்தில் நான் கொளுத்துகிறேன்" என்பார். 2016 விதியின் வாசகம் தெரு, பொது இடம், வாய்க்கால், நீர்நிலை என்றுதான் ஓடியது. அதைப் படித்த யாரோ அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-ல் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதையே தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். சொந்த இடம் என்பது அதில் விலக்கு அல்ல. காய்ந்த மட்டையை அடுப்பில் வைத்து வெந்நீர் காய வைப்பது வேறு, அதை யாரும் கேட்கப் போவதில்லை. புகை வரும் நேரத்தைத் தேதியோடு நோட்டில் குறியுங்கள், செல்போனில் படம் எடுங்கள், டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நகராட்சிக்கு எழுதும் மனு வேறாக இருக்கட்டும், மட்டை மனுவோடு கலக்க வேண்டாம்.

ஆனால் அவர் உங்கள் குழியைப் பற்றிச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் உரக்குழி போடுவது குற்றமல்ல, விதிகளே அதை ஊக்குவிக்கின்றன. நாற்றம் அடுத்த வீட்டாரின் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால்தான் அது தொல்லை என்று வழக்காகும். வெறும் சோறும் காய்த்தோலும் போட்டால் நாறத்தான் செய்யும். சுவரோரம் பதினொரு சாக்கில் நிற்கிறதே, அதுதான் மருந்து. ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு வாளி சருகு மேலே பரப்புங்கள், கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள், வாரம் ஒருமுறை கிளறுங்கள். மீன் செதிலும் கறி எலும்பும் குழிக்கு வேண்டாம், அவை வண்டிக்குப் போகட்டும். குழி அவர் மதிலையும் கிணற்றையும் ஒட்டியிருந்தால் தள்ளி வெட்டுங்கள். வேப்பஞ்சருகு இப்படி இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். தென்னை மட்டை மட்டும்தான் மிஞ்சும், மனுவில் அதை மட்டும் எழுதினால் போதும். சருகு தீர்ந்துபோனால், வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கொளுத்துவதற்குக் கூட்டி வைத்திருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.