ஓடும்போதும் தலையில் நிற்கும் துணி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பு தெமட்டகொடையில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன், 14 வருடமாகிறது. அதற்கு முன் பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பு ஆசிரியையாக இருந்தேன். தையலும் தெரியும் என்பதால் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் நானே வெட்டித் தைத்துக் கொடுப்பதுண்டு. தலையை மறைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்வதில் என்ன சிரமம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எது கூடும், எது கூடாது என்ற மார்க்கக் கேள்விகளை உலமாக்களிடமே கேளுங்கள். துணி, அளவு, வியர்வை பற்றி நான் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா (எங்கள் வழக்கில் அக்கா), சுதந்திர சதுக்கத்தில் காலையில் ஓடுகிறேன். பத்து நிமிடத்தில் ஸ்கார்ஃப் பின்னால் வழுக்கிப் போகிறது. நான்கு பின் குத்தியும் நிற்கவில்லை. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நான்கு பின்னையும் கழற்றி வையுங்கள். ஓடும்போது தாடைக்குக் கீழே பின் இருப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விழுந்தால், யாராவது மோதினால், அது கழுத்தில்தான் ஏறும்.

வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் கொண்டைதான். உச்சியில் கொண்டை போட்டால் அது துணியைத் தூக்கிப் பின்னால் இழுக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இழுப்பு. கொண்டையைப் பிடரிக்கு இறக்குங்கள், அல்லது பின்னலைச் சுருட்டித் தட்டையாக வையுங்கள். அப்புறம் துணிக்குத் துணி பிடிப்பு வேண்டும். ஷிஃபோன், ஜோர்ஜெட் ஸ்கார்ஃபை பளபளப்பான இன்னருக்கு (உள்ளே போடும் தொப்பிக்கு) மேல் கட்டினால் எப்படி நிற்கும்? இன்னர் கொட்டன் கலந்த, கொஞ்சம் சொரசொரப்பான ஜெர்சிப் பின்னல் துணியாக இருக்கட்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், சதுரத் துணியோ நீளச் சால்வையோ ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. தலையோடு இழுத்துப் போடுகிற, முகத்துக்கு மட்டும் வாய் வைத்துத் தைத்த ஹிஜாப்தான் ஓட்டத்துக்குச் சரி. அதை நிற்க வைப்பது முகத்தைச் சுற்றி வரும் பட்டி. டேப்பை நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதோரமாகத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து சுற்றி அளவெடுங்கள். நன்றாக இழுபடும் துணியென்றால் அந்த அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து நான் வெட்டுவேன். 60 சென்ரிமீற்றர் வந்தால் 54. அதற்கு மேல் குறைத்தால் பிடிக்கும், ஆனால் தலைவலியும் வரும்.

வாங்கினாலும் தைத்தாலும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இருபது தடவை துள்ளுங்கள், குனிந்து கால்விரலைத் தொடுங்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். கை தலைக்குப் போகாமல் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம்.

கேள்வி: கடையில் ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் விலை அதிகம். புறக்கோட்டையில் துணி எடுத்துத் தைக்கலாமா? என்ன துணி கேட்க வேண்டும்?

பதில்: தாராளமாகத் தைக்கலாம். விளையாட்டு உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. அங்கே மிஞ்சுகிற துணி பல வழியாகக் கடைகளுக்கு வந்துவிடுகிறது. கெய்சர் வீதி, மெயின் வீதிப் பக்கம் பொறுமையாகத் தேடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், பல கடைகள் ஜும்மாவுக்கு மூடியிருக்கும்.

துணியின் பெயரைக் கேட்பதைவிடக் கையால் சோதிப்பது மேல். 10 சென்ரிமீற்றர் அளவுக்குப் பிடித்து இழுத்தால் 13, 14 வரை போக வேண்டும், விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். வாயில் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போக வேண்டும். விரலை நனைத்து ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு முத்துப் போல உட்கார்ந்திருந்தால் அந்தத் துணி வியர்வையை வாங்காது. உடனே பரவினால் நல்லது. பாலியெஸ்டரோ நைலோனோ, கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்த மெல்லிய பின்னல் துணி இந்த எல்லாவற்றிலும் தேறும்.

தனிக் கொட்டன் நல்லதில்லையா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மெதுவாக நடப்பதற்கு நல்லது. ஓட்டத்துக்கு வேண்டாம். கொட்டன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், கெதியில் காயாது. கொழும்புக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம். அரை மணி நேரத்தில் தலையில் நனைந்த துவாயைச் சுமப்பது போல இருக்கும்.

150 சென்ரிமீற்றர் அகலத் துணியில் முக்கால் மீற்றர் எடுத்தால் இரண்டு தைக்கலாம். ஊசியை மாற்ற மறக்காதீர்கள். பின்னல் துணிக்கென்று முனை உருண்டையான ஊசி இருக்கிறது, சாதாரண ஊசி இழையை வெட்டிவிடும். நேர்த்தையல் போட்டால் தலையில் இழுத்துப் போடும்போதே நூல் அறுந்துவிடும். சிக்சாக் போடுங்கள், அல்லது ஓவர்லொக் மெஷின் உள்ள தையல்காரரிடம் கொடுங்கள். நெற்றியிலும் காதுக்கு மேலும் தடித்த மடிப்பு வரக் கூடாது. வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், அது முடியைப் பிடுங்கும்.

கேள்வி: மகள், எனக்கு 63 வயது. காலி முகத்திடலில் பின்னேரம் நடப்பேன். கடற்காற்று சால்வையைப் பறித்துக்கொண்டு போகிறது. இழுத்துப் போடும் ஹிஜாபைப் போட எனக்குக் கூச்சம்.

பதில்: மாமி, நீங்கள் அதை மட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. உள்ளே அந்த இழுத்துப் போடும் ஹிஜாபைப் போடுங்கள், மேலே உங்கள் வழக்கமான சால்வையைத் தளர்வாகப் போட்டு இரண்டு முனையையும் சட்டைக்குள் செருகிவிடுங்கள். காற்று மேல்துணியைத் தூக்கினாலும் உள்ளே மறைந்தே இருக்கும், கையால் பிடித்துக்கொண்டு நடக்கத் தேவையில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அங்கே பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் விகாரமகாதேவி பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். மரங்கள் இருப்பதால் அவ்வளவு காற்று தெரியாது.

கேள்வி: சகோதரி, என் மகள் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் இருக்கிறாள், வயது 13. தலையை மறைத்து ஆடினால் போட்டியில் விடமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? வேகமும் குறையுமாமே?

பதில்: முதல் பேச்சு பழைய கதை, ஆனால் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2011 ஜூனில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக அம்மானுக்குப் போன ஈரான் பெண்கள் அணி, தலைத்துணி காரணமாகவே ஆட விடப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் அழுத படத்தைப் பார்த்து நானும் அழுதேன். 2012இல் பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள், 2014 மார்ச்சில் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். உலகக் கிண்ணத்தில் அப்படி ஆடிய முதல் பெண் அவர்தான்.

உதைபந்தாட்ட விதி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். துணி கறுப்பாக, அல்லது ஜேர்சியின் பிரதான நிறத்தில் இருக்க வேண்டும். ஒரே அணியில் மறைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம். ஜேர்சியோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. கழுத்தில் பின், கொக்கி போல ஆபத்தான எதுவும் இருக்கக் கூடாது, துணியின் எந்த முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதாவது மகள் பாடசாலைக்குப் போடுகிற வெள்ளைப் பர்தாவைப் பின் குத்திக்கொண்டு ஆடுவது சரிவராது. விதிக்காக மட்டுமல்ல, அவளுடைய பாதுகாப்புக்காகவும்தான். கீழ்ப்பகுதியை நீளமாகத் தைத்து ஜேர்சிக்குள் விட்டால் கழுத்தும் மறையும், யாரும் பிடித்து இழுக்கவும் முடியாது. போட்டிக்கு ஒரு கிழமை முன்பே துணியை ஏற்பாட்டாளர்களிடம் காட்டிவிடச் சொல்லுங்கள். அன்று காலையில் நடுவரோடு வாக்குவாதம் செய்தால் பிள்ளையின் மனம்தான் உடையும்.

வேகம் குறையும் என்றவரிடம் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா பற்றிச் சொல்லுங்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு 200 மீற்றரில் தங்கம் எடுத்தவர் அவர்.

கேள்வி: என் மகள் கராத்தே பழகுகிறாள். அங்கேயும் இதே விதியா?

பதில்: இல்லை. உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி கறுப்பு நிறத்தில், வேலைப்பாடு இல்லாத துணி முடியை மறைக்கலாம், தொண்டைப் பகுதியை மறைக்கக் கூடாது. கழுத்தும் மறைய வேண்டும் என்று நினைத்தால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே பயிற்றுநரோடு கதைத்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஹிஜாப் போடுகிறவள் இல்லை, கேட்கலாமோ தெரியவில்லை. மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். முடி இப்போதுதான் முளைக்கிறது. தியத்த உயன பூங்காவில் நடக்க ஆசை. விக் வியர்த்து அரிக்கிறது, வெறும் தலையோடு போக மனம் வரவில்லை.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

நடையை எவ்வளவு தூரத்தில் தொடங்கலாம் என்பதை உங்கள் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். துணி பற்றி நான் சொல்கிறேன். உங்கள் தலைத்தோல் இப்போது குழந்தையின் தோல் மாதிரி, ஒரு தையல் மடிப்புக் கூட உறுத்தும். அதனால் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் துணி வேண்டாம். மெல்லிய கொட்டன் ஜெர்சியில் தளர்வான தொப்பி தையுங்கள், அல்லது இருப்பதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். தையல் தோலில் படாது. முடி இல்லாதபோது துணிக்குப் பிடிப்பும் குறைவு. அதற்காக இறுக்காதீர்கள். நெற்றிக்கு உட்பக்கம் மெல்லிய கொட்டன் பட்டி ஒன்றை வைத்துத் தைத்தால் வழுக்காது. பிடரியில் தளர்வாக ஒரு முடிச்சு போதும். வெளிர் நிறமாக எடுங்கள், வெயிலில் கறுப்பு அதிகம் சூடேறும். மென்மையான சோப்பில் கழுவி நன்றாக அலசுங்கள். அளவு சொன்னால் நானே ஒன்று தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: ஜிம் போகத் தொடங்கி மூன்று மாதம். நெற்றியோரம் முடி கொட்டுகிறது, தலைவலியும் வருகிறது. ஹிஜாப் காரணமா?

பதில்: துணி இருப்பதால் முடி கொட்டாது. இறுக்கம்தான் கொட்ட வைக்கும். முடியை இழுத்துக் கட்டி, அதே இடத்தில் பட்டியும் தினமும் அழுத்தினால் அந்தக் கரையோரம் உதிரத் தொடங்கும். கழற்றியதும் நெற்றியில் கோடு தெரிந்து, அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால் அளவு சின்னது. தளர்வாகப் பின்னுங்கள், கட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈர முடிக்கு மேல் துணி போடாதீர்கள், பொடுகுக்கும் அரிப்புக்கும் அதுவே வழி. இரண்டு மாதத்தில் சரியாகாவிட்டால் தோல் டொக்டரைப் பாருங்கள்.

ஜிம் என்றதால் இதையும் சொல்கிறேன். டிரெட்மில்லிலும் கேபிள் மெஷினிலும் தொங்குகிற சால்வையோடு ஏறவே கூடாது.

கேள்வி: நான் ஆண், சைக்கிள் ஓட்டுகிறேன். வழுக்கைத் தலை, வியர்வை கண்ணில் வடிகிறது. ஹெல்மெட்டுக்குள் என்ன போடலாம்? மனைவிக்கும் ஹிஜாபுக்கு மேல் ஹெல்மெட் சரியாக உட்காருவதில்லை.

பதில்: தம்பி, இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். தலையோடு ஒட்டிய, தடிப்பில்லாத ஒற்றைத் துணி. உங்களுக்கு மண்டையோடு ஒட்டும் மெல்லிய தொப்பி, அவருக்கு மெல்லிய இழுத்துப் போடும் ஹிஜாப். முடிச்சு, கொண்டை, பின், கிளிப் எதுவும் ஹெல்மெட்டுக்குள் இருக்கக் கூடாது. துணியைப் போட்ட பிறகு ஹெல்மெட்டின் பின்பக்கத் திருகையும் தாடைப் பட்டியையும் புதிதாகச் சரிசெய்யுங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. மனைவியின் துணி முனை எல்லாம் சட்டைக்குள் போகட்டும். சக்கரத்தில் சால்வை சுற்றினால் கழுத்தை இழுக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து கவனமாக இருங்கள்.

கேள்வி: மரைன் டிரைவில் நடக்கும்போது பின்னால் வரும் வாகனச் சத்தம் சரியாகக் கேட்பதில்லை.

பதில்: காதுக்கு நேரே வரும் துண்டை மட்டும் வலை போன்ற மெல்லிய துணியில், இரண்டு மடிப்பாக வைத்துத் தையுங்கள். மறையும், சத்தமும் உள்ளே வரும். இயர்போன் வேண்டாம். வாகனத்துக்கு எதிர்முகமாக நடங்கள்.

கேள்வி: நீச்சலுக்கு இதையே போடலாமா?

பதில்: நீரில் தொளதொள துணி மிதந்து முகத்தில் ஒட்டும். நீச்சலுக்கென்று தலையும் கழுத்தும் சேர்ந்து ஒட்டி நிற்பதை எடுங்கள். குளத்துக் குளோரின் ஸ்பான்டெக்ஸைத் தின்றுவிடும், ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். எந்த உடுப்பை அனுமதிக்கிறார்கள் என்று குளத்தில் முதலே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓடும்போது தலை சுற்றுகிறது. துணியாலா?

பதில்: துணி மட்டும் காரணமாக இருக்காது. இரண்டு மூன்று அடுக்கு, வெயில், தண்ணீர் குறைவு எல்லாம் சேர்ந்தால் வரும். ஒரே அடுக்கு, வெளிர் நிறம், காலை 7 மணிக்கு முன் அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பின். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே நின்று நிழலுக்குப் போய், துணியை நனைத்துத் தளர்த்துங்கள். அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று யோசிக்காதீர்கள், கூட இருக்கும் பெண்களைச் சுற்றி நிற்கச் சொல்லுங்கள். தலை சுற்றியவர் குழம்பிச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ மயங்கினாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சும்மா இருக்கும்போதும் சுற்றினால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கழுவியும் நாற்றம் போவதில்லை. எத்தனை வைத்திருக்க வேண்டும்?

பதில்: பாலியெஸ்டர் நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பையில் சுருட்டி வைக்காமல் வீட்டுக்கு வந்ததும் அலசுங்கள். வாசனைக்காகப் போடும் கம்ஃபர்ட் போன்றவற்றை நிறுத்துங்கள், அவை இழையில் படிந்து வியர்வையை வாங்க விடாது. சுடுதண்ணீர் வேண்டாம், நிழலில் காயப் போடுங்கள். மழைக்காலத்தில் காய நேரமெடுக்கும், அதனால் மூன்று இருந்தால் வசதி.