விமானம் மாறும் இடைவெளியில் சிங்கப்பூர்: வாசகர் கேள்வி – பதில்

தனியாக வெளிநாடு செல்லும் வாசகர்கள், சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: மேற்படிப்புக்காக முதன்முறையாகத் தனியே மெல்பர்ன் செல்கிறேன். திருச்சியிலிருந்து புறப்படும் விமானம் காலை ஆறரை மணிக்குச் சிங்கப்பூரை அடைகிறது. அடுத்த விமானம் இரவு எட்டரைக்குத்தான். இரண்டும் ஒரே பயணச்சீட்டில் பதிவானவை. ஊருக்குள் சென்றுவர அனுமதி உண்டா? வீட்டில் எல்லோரும் "வெளியே போகாதே" என்கிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: அனுமதி உண்டு; நீங்கள் போய் வருவதே நல்லது என்பது என் கருத்து. இந்தியக் குடிமக்கள் சிங்கப்பூருக்குள் நுழையப் பொதுவாக விசா வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுள் ஒன்றின் விசாவை வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குச் செல்பவர்கள் 96 மணி நேரம் வரை விசா இல்லாமலேயே உள்ளே தங்கலாம் என்றொரு சலுகை இருக்கிறது. அந்த விசா, நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 96 மணி நேரத்துக்குள் புறப்படுவதற்கு உறுதி செய்யப்பட்ட பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் ஆஸ்திரேலிய மாணவர் விசா இருப்பதால் இந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தும். ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை என்பதால், விசா வழங்கப்பட்ட கடிதத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. புறப்படும் வாரத்தில் சிங்கப்பூர்க் குடிநுழைவு (இமிகிரேஷன்), சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். உள்ளே விடுவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு முகப்பில் இருக்கும் அதிகாரியுடையது.

அதே இணையத்தளத்தில் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் அதை அனுப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்டு நிரப்பித் தரும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அவற்றை நாட வேண்டாம்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததால் இரு வேறு நிறுவனங்களில் தனித்தனியாகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடுமா? – வாசகர், சேலம்

பதில்: போகும் என்று எண்ணிக்கொண்டு கிளம்பாதீர்கள். தனித்தனிச் சீட்டுகள் என்றால் பெரும்பாலும் நீங்களே குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதாவது, ஊர் சுற்றும் எண்ணமே இல்லாவிட்டாலும் சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி உங்களுக்கு இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கக்கூடும். முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. இரண்டு நிறுவனங்களிடமும் இப்போதே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பகல் முழுதும் இடைவெளி இருந்தால் சாங்கி விமான நிலையத்திலேயே கட்டணம் செலுத்திப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் போகலாம்.

கேள்வி: எனக்கும் ஒரு பகல் முழுதும் கிடைக்கிறது. மெர்லயன் சிலை, செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மரீனா பே, லிட்டில் இந்தியா, தாவரவியல் பூங்கா ஆகிய அனைத்தையும் பார்ப்பதற்கு ஒரு கால அட்டவணை தர முடியுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தர முடியாது, தந்தாலும் அது உங்களுக்கு நன்மை செய்யாது. கணக்கை எப்போதும் புறப்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விமானம் இரவு எட்டரைக்கு என்றால் ஏழரைக்கு வாயிலில் இருக்க வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் உடைமைச் சோதனை பெரும்பாலும் விமான வாயிலிலேயே நடப்பதால், கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறுவது அங்கே எளிதன்று. எனவே ஐந்தரைக்கு நிலையம் திரும்ப வேண்டும். அதற்கு நாலரைக்கே நகரத்திலிருந்து கிளம்ப வேண்டும். காலை ஆறரைக்கு இறங்கி, முகம் கழுவி, குடிநுழைவைக் கடந்து, ரயில் பிடித்து ஊருக்குள் வர ஒன்பது மணியாகும். பதினான்கு மணி நேரம் என்று தோன்றியது இப்போது ஏழரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இதில் செந்தோசாவும் யுனிவர்சல் ஸ்டூடியோஸும் முதலிலேயே கழிந்துவிடுகின்றன. அவை தங்கிப் பார்ப்பவர்களுக்கு உரியவை.

என் பரிந்துரை, ஒரே ரயில் தடத்தில் அமைந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றிலும் ஒரு பகுதியை நடந்தே பார்ப்பது. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையில் இருக்கும் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும் டவுன்டவுன் தடத்துக்கு மாறுங்கள். அது நேரே சைனாடவுனுக்குக் கொண்டுசேர்க்கும். பயணச்சீட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை வாயிலில் காட்டினாலே திறக்கும். வெளிநாட்டு அட்டைக்குச் சிறிது கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே இயக்கிவைத்திருக்க வேண்டும்.

சைனாடவுன் நிலையத்திலிருந்து பகோடா தெரு வழியாக வெளியே வந்தால், தெரு முடிவில் நிற்பது ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம். தெருவுக்குப் பகோடா என்று பெயர் வந்ததே அந்தக் கோபுரத்தால்தான். 1819இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய இக்கோயில்தான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் அங்கும் உண்டு என்பதால் முதலில் இங்கே வந்துவிடுவது நல்லது. அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் சில அடிகள் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தோற்றுவித்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. எதிர்த்திசையில் சிறிது நடந்தால் புத்தர் பல் கோயில். கட்டடம் 2007இல் திறக்கப்பட்டதுதான் என்றாலும், உள்ளே சென்று பார்க்கத் தக்கது. வெயில் ஏறும் நேரத்தில், மேக்ஸ்வெல் சாலையில் உள்ள நகரக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். அனுமதி இலவசம். நகர மையத்தின் மாபெரும் மாதிரி அமைப்பு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது; 1965இல் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருப்பது எப்படி என்பதும் புரியும்.

அதைப் பார்த்துவிட்டுத் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால்தான் அந்தத் தெரு பேசும். இப்போது உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் அத்தெரு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரையாகவே இருந்தது. கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம் அது. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஹொக்கியன் சீனர்கள், கடல் தெய்வமான மாசுவுக்குத் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். இன்றுள்ள கட்டடம் 1842இல் நிறைவு பெற்றது. அதே தெருவில் நம் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. அருகிலேயே, 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப்பள்ளி என்று தமிழர்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே வழிப்போக்கர்களின் ஊர். அடுத்த கப்பலுக்கோ அடுத்த காற்றுக்கோ காத்திருந்தவர்கள் உருவாக்கிய தெரு இது. விமானம் மாறக் காத்திருக்கும் ஒருவர் பார்ப்பதற்கு, மீன்வாலுள்ள சிங்கமான மெர்லயனைவிடவும் இதுவே பொருத்தமான இடம் என்பேன். மெர்லயனுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இருந்தால் தடையில்லை. 1972இல் நிறுவப்பட்ட 8.6 மீட்டர் சிலை, தெலுக் ஆயரிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.

தெலுக் ஆயர் நிலையத்தில் அதே நீலத் தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பேஃபிரண்ட். மரீனா விரிகுடாவையும் கரையோரப் பூந்தோட்டங்களின் இரும்பு மரங்களையும் அங்கே பார்க்கலாம். அதே திசையில் தொடர்ந்து சென்றால் லிட்டில் இந்தியா. வேறு ஊர்க்காரருக்கு அது புதுமை. நமக்கு அரை மணி நேரம் போதும். அங்கே கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளிப்பேன், திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: நான் சைவம். தனியாகச் செல்லும் பெண். சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் என்ன செய்வது? – வாசகி, மதுரை

பதில்: பகலில் தனியாக நடக்கும் பெண்ணை அந்த ஊர் திரும்பிப் பார்ப்பதில்லை, ரயிலிலும் பேருந்திலும் அச்சமின்றிப் போகலாம். ஆங்கிலம் எங்கும் புரியும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால், ரயில் நிலையங்களில் தமிழ் எழுத்துகளையும் பார்ப்பீர்கள். உண்மையில் தொல்லை தருபவை வெயிலும் மழையும்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுதும் புழுக்கம். மழை சொல்லாமல் கொட்டும். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதைகள் இருக்கின்றன; ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்திலேயே கட்டாயமாக்கப்பட்டவை அவை. அவற்றின் வழியே நடந்தால் பாதி வெயில் தெரியாது. குழாய் நீரைக் குடிக்கலாம் என்பதால் ஒரு காலிப் புட்டியும், ஒரு சிறு குடையும், மாற்றுச் சட்டையும் கைப்பையில் போதும். தோளும் முழங்காலும் மறையும் பருத்தி உடை, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தும்.

உணவுக்கு உணவங்காடி நிலையங்களே சரி. இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. புத்தர் பல் கோயிலுக்கு எதிரே இருக்கும் மேக்ஸ்வெல் நிலையத்தில் கோழிச் சோறு புகழ்பெற்றது. அது உங்களுக்கு ஆகாது. எந்தக் கடையிலும் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாஸும் உலர்ந்த இறாலும் பலவற்றில் கலந்திருக்கும். சைவக் கடை என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். சேமியா போன்ற அரிசி நூடுல்ஸை அங்கே சைவமாகச் செய்து தருவார்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் இருக்கிறது; ஆயினும் விமானத்தில் ஏறும்வரை இட்லி சாப்பிட்டுவிட்டு, இறங்கியதும் மறுபடி இட்லியைத் தேடுவது எனக்கு உடன்பாடில்லை. கோப்பி என்று கேட்டால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் கலந்து வரும். பால் வேண்டாமென்றால் கோப்பி ஓ. காலி மேசையில் கைக்குட்டைத்தாள் பொட்டலம் ஒன்று கிடந்தால், அந்த இடம் ஒருவருக்கு உரியது என்று பொருள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 சிங்கப்பூர் டாலர் வரை.

கைக்கடிகாரத்தை விமானம் இறங்கும்போதே இரண்டரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவையுங்கள். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கடிகாரம் மாறாது.

கேள்வி: எனக்குப் பகலில் ஆறு மணி நேரம் மட்டுமே இருக்கிறது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தனியாக ஊருக்குள் போவது இடர். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு உட்பட்டும் காத்திருப்பவர்களுக்காக, சாங்கியிலேயே இலவசப் பேருந்துச் சுற்றுலா நடத்துகிறார்கள். நுழைவுத் தகுதி அதற்கும் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்துக்குப் போகலாம். 2019இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தின் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஆனால் ஜுவல் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நள்ளிரவில் வந்து விடியலில் கிளம்புபவர்கள் ரயிலும் இல்லாமல் கடைகளும் இல்லாமல் அலைவதைவிட, உள்ளேயே தூங்கிவிடலாம்.

கேள்வி: உறவினர்கள் ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியா போகலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: ஊர் திரும்பும்போது வாங்கித் தருவதாகச் சொல்லிவிடுங்கள். கோடாலித் தைலம் மட்டும் வேண்டுமானால் வாங்கலாம். சிறு குப்பி, கைப்பையில் 100 மில்லிலிட்டர் வரம்புக்குள் அடங்கும். உணவுப் பொருள் எதையும் வாங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் உணவு, விதை, மரப்பொருள் ஆகியவற்றை இறங்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் கடும் அபராதம் உண்டு. விமானத்தில் தரும் பழத்தையும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள் அல்லது இருக்கையிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூருக்குள் போவதானால் சூயிங்கத்தையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்; அதைக் கொண்டுவருவதற்கு அங்கே 1992 முதல் தடை.