இவ்வளவு கூச்சலிலும் ஒருவர் பேசுவது மட்டும் நமக்கு எப்படித் தனியாகக் கேட்கிறது?

ஒரு கல்யாண மண்டபத்தில் என் பெரியப்பா, எங்கள் வீட்டுக் கிணறு வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி நாதஸ்வரம், தவில். பின்னால் பந்திக் கூச்சல். எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. இருக்கட்டுமே என்று போனிலும் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் தவில் இருக்கிறது, பந்தி இருக்கிறது, பெரியப்பாவைக் காணோம்.

என் காதுக்குள் போனதும் கிட்டத்தட்ட அதே குப்பைதான். அதைப் பிரித்தெடுத்தது மூளை. அதற்கு முக்கியமான உதவி, காது இரண்டு இருப்பது. இடப்பக்கத்து ஒலி இடது காதை முதலில் எட்டும். வலது காதுக்குப் போய்ச்சேர அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி கூடுதலாகும். நடுவில் தலை மறைப்பதால் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த இம்மி வித்தியாசத்தை வைத்தே எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. போனின் ஒற்றை மைக்கில் திசையெல்லாம் கலந்து கூழாகிவிடும். நேரில் உதட்டசைவும் தெரியும். (அந்தக் கதை எனக்குப் பாதி மனப்பாடம் என்பதையும் மறைக்கக் கூடாது.)

பிரிட்டன்காரர் காலின் செர்ரி 1953-ல் வெளியிட்ட சோதனைகளும் இதைத்தான் காட்டின. ஒரே குரலில் இரண்டு பேச்சுகளைக் கலந்து போட்டபோது பிரிக்கத் திணறியவர்கள், காதுக்கொன்றாகக் கொடுத்ததும் ஒன்றைச் சுலபமாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் மற்றக் காதில் ஆங்கிலம் நடுவில் ஜெர்மனுக்கு மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை! ஆண் குரல் பெண் குரலானால் மட்டும் தெரிந்தது.

அதற்காகக் கவனிக்காத பேச்சு முழுக்க வீணாகிறது என்று சொல்ல முடியாது. 1959-ல் நெவில் மோரே என்ற உளவியலாளர், அந்த மற்றக் காதில் கேட்பவரின் பெயரைச் சொல்ல வைத்தார். சுமார் மூன்றில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். மண்டபத்தில் யாரோ நம் பெயரை எடுத்தால் தலை திரும்புகிறதே, அதேதான். மூன்றில் இருவருக்கு அதுவும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2012-ல் மெஸ்கரானி, சாங் என்ற இரு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இரண்டு குரல்களை ஒன்றாகப் போட்டார்கள். செவிப்புலப் பகுதியில் பதிவான சமிக்ஞைகளில், அவர்கள் கவனித்த குரலே மேலோங்கி இருந்தது.

இதைப் படித்த பிறகுதான் அம்மா சொல்வது விளங்கியது. காதுமிஷின் போட்டும், "சத்தம் கேக்குதுடா, பேச்சுதான் புரியல" என்பார். மிஷின் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். காது மங்கிய பிறகு மூளைக்குக் கிடைக்காமல் போன நுணுக்கங்களை முழுதாகத் திருப்பித் தராது. இப்போதெல்லாம் ஓட்டலுக்குப் போனால் அவரைச் சுவரோரம் உட்காரவைத்து, என் வாய் தெரியும்படி எதிரில் உட்காருகிறேன். சமையல்கட்டுப் பக்கத்து மேசை வேண்டவே வேண்டாம்.