பாவித்த காருக்கு வொரண்டி வாங்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): நுகேகொடையில் ஒரு விற்பனை நிலையத்தில் 2015ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா கார் பேசி முடித்திருக்கிறோம். 112,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. மேலும் 145,000 ரூபா கட்டினால் ஒரு வருட மேலதிக வொரண்டி தருகிறார்களாம். வருடத்துக்கு உச்ச வரம்பு 200,000 ரூபா. ஒவ்வொரு திருத்தத்திலும் முதல் 25,000 எங்கள் பொறுப்பு. வேண்டுமானால் அந்தக் காசையும் லீசிங்கில் சேர்க்கலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த நிபந்தனைகளுக்கு வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200,000 ரூபாவுக்கு ஒரு வேலை வந்தால் கம்பனி தருவது 175,000. நீங்கள் ஏற்கெனவே கட்டியது 145,000. மிஞ்சுவது 30,000 தான். 80,000 ரூபா வேலை என்றால் 55,000 கிடைக்கும், கட்டிய காசில் 90,000 போய்விடும். தாங்க முடியாத பெரிய செலவு வந்தால் கைகொடுப்பதற்குத்தான் வொரண்டி. உச்ச வரம்பு கட்டுகிற காசுக்குப் பக்கத்திலேயே நின்றால் அது அந்த வேலையைச் செய்யாது.

லீசிங்கில் சேர்ப்பது இன்னும் மோசம். 14 வீத வட்டியில் 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 3,375 ரூபா வரும், கட்டி முடிக்கும்போது 202,000 ரூபாவைத் தாண்டிவிடும். ஒரு வருடத்தில் முடிந்துபோகும் வொரண்டிக்கு ஐந்து வருடம் வட்டி கட்டுவீர்கள்.

அடுத்து, எந்தெந்தப் பாகங்களுக்கு வொரண்டி என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி வீட்டில் இருந்து படியுங்கள். ஒல்டனேட்டர், ஸ்டார்டர் மோட்டர், டைமிங் பெல்ட் என்று நீளமாக இருக்கும். அக்வாவில் இந்த மூன்றுமே கிடையாது. அதில் இருப்பது டைமிங் செயின். ஸ்டார்டரின் வேலையையும் ஒல்டனேட்டரின் வேலையையும் ஹைபிரிட் தொகுதியே பார்க்கிறது. தண்ணீர் பம்பும் ஏசி கொம்பிரசரும்கூட மின்சாரத்தில் ஓடுபவை. எல்லாக் காருக்கும் அச்சடித்த பட்டியல் இது. உங்கள் காருக்குத் தேவையான நான்கு பெயர்கள் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்: ஹைபிரிட் பற்றரி, இன்வேர்ட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் அலகு), பிரேக் அழுத்தத்தைக் கொடுக்கும் பம்ப் தொகுதி, ஏசி கொம்பிரசர். அக்வாவில் கையைக் கடிக்கும் செலவு பெரும்பாலும் இவற்றில்தான் வரும். கியர் பொக்ஸில் கிளச்சோ பெல்டோ இல்லை, அதனால் அது அரிதாகத்தான் தொல்லை தரும்.

பற்றரியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அக்வாவில் 7.2 வோல்ட் மொடியூல்கள் (சிறு பற்றரிக் கட்டுகள்) 20 தொடராக இணைந்து 144 வோல்ட் தருகின்றன. தொடர் என்பதால் ஒன்று சோர்ந்தாலும் முழுப் பற்றரியும் படுக்கும். அதைக் குளிர்விக்கும் காற்றாடி பின் இருக்கையின் கீழ்ப்பக்க ஓரத்திலிருந்து காற்றை இழுக்கிறது. அங்குள்ள வடிகட்டி தூசியால் அடைபட்டால் சூடு ஏறி மொடியூல்கள் சாகின்றன. ஏசியை முழு அளவில் போட்டு, நான்கு பேர் ஏறி, 20 நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். டாஷ்போர்டில் தெரியும் பற்றரிக் கோடுகள் சடாரென்று நிரம்பிச் சடாரென்று இறங்குவதும், காற்றாடி உறுமுவதும் கெட்ட அறிகுறிகள். ஸ்கேன் செய்வது (கருவியை இணைத்துக் காரின் பிழைக் குறியீடுகளை வாசிப்பது) இந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் நடக்க வேண்டும். விற்பவர் பிழைக் குறியீடுகளை அழித்து வைத்திருந்தால் நிறுத்திய காரில் எதுவும் தெரியாது. பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் பற்றரியை மாற்றச் சொல்கிறது என்று பொருள். குறியீடு வராவிட்டாலும், சுமை ஏறும்போது ஒரு பகுதியின் வோல்ட்டேஜ் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு விழுந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கொழும்பில் இன்னொன்றையும் பார்க்காமல் விடக் கூடாது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நீர் ஏறியதுபோல ஏறும்போது, பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் அக்வா பற்றரியும் நனையும். இணைப்பிகள் அரிக்க மாதக்கணக்கு ஆகும். அதற்குள் கார் கைமாறிவிடும். சீற் பெல்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை இருக்கிறதா பாருங்கள். பின் இருக்கையைத் தூக்கி ஆணிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். நீர் புகுந்த சேதத்துக்கு வொரண்டி பொதுவாகக் காசு தராது, நீங்கள் வாங்குவதற்கு முன் புகுந்திருந்தாலும் அதே பதில்தான்.

எப்போது எடுக்கலாம்? மேலே சொன்ன நான்கும் பெயர் சொல்லி எழுதப்பட்டு, உச்ச வரம்பு கட்டும் காசைப் போல ஐந்து மடங்காவது இருந்து, பணம் தருவது விற்பனை நிலையமல்லாமல் ஒரு காப்புறுதிக் கம்பனியாக இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அந்த 145,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஹைபிரிட் கராஜில் இப்போதே காரைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட் பார்த்திருக்கிறேன். கியர் பொக்ஸுக்கும் வொரண்டி உண்டாம். நம்பலாமா?

பதில்: கியர் பொக்ஸ் என்ற சொல் போதாது. இந்த வண்டியில் இருப்பது உலர் வகை இரட்டைக் கிளச் கொண்ட 7 கியர் தொகுதி. காலி வீதி நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால் பற்றரி இறங்கும். பிறகு எஞ்சின்தான் கிளச்சைப் பாதி பிடித்தபடி வண்டியை நகர்த்த வேண்டும். அதில் சூடேறி, உதறலும் எச்சரிக்கை விளக்கும் வரும். வொரண்டிப் படிவங்களில் கிளச் ‘தேய்மானப் பொருட்கள்’ வரிசையில் விலக்கப்பட்டிருப்பது வழக்கம். ஆகவே அடிக்கடி பழுதாவதற்கு வொரண்டி இல்லை, அரிதாகப் பழுதாகும் பற்சக்கரங்களுக்கு உண்டு என்ற நிலை வரும். ‘இரட்டைக் கிளச்சும் அதை இயக்கும் ஹைட்ரோலிக் அலகும் அடங்கும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் இந்த வண்டிக்கு எடுப்பதில் நியாயம் உண்டு. ஜப்பானில் இந்த மாடல் குறைகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. ஆர்யூ3 என்று தொடங்கும் சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு அந்த வேலைகள் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): ஹைபிரிட் பற்றரியில் மூன்று செல் மாற்றி ஆறு மாத வொரண்டி தருகிறார்கள். போதுமா?

பதில்: வொரண்டி முழுப் பற்றரிக்கா, மாற்றிய மூன்றுக்கு மட்டுமா? பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். மீதிப் பழையவையும் அதே வயதுதான். சில மாதத்தில் நான்காவது விழும்போது ‘அது நாங்கள் போட்டதில்லை’ என்பார்கள். நல்ல கராஜ் என்றால் எல்லா மொடியூல்களின் (நீங்கள் செல் என்று சொல்பவை) கொள்ளளவையும் அளந்து தாளில் தரும். அக்வாவில் என்றால் புதிதில் அது 6,500 மில்லி அம்பியர் மணி. புதிதாகப் போடுபவை பழையவற்றின் அளவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பிடித்திருந்தால் அவற்றையும் மாற்றவோ சுத்தமாக்கவோ வேண்டும். வீட்டில் திறந்து பார்க்காதீர்கள், அந்த வோல்ட்டேஜ் உயிரைக் குடிக்கும்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): வொரண்டி இருந்தும் காசு தர மறுக்கிறார்கள். சேர்விஸ் 600 கிலோமீற்றர் பிந்திவிட்டதாம்.

பதில்: மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த வாசகத்தின்படி என்பதும் அதில் இருக்கட்டும். பழுதுக்கும் பிந்திய ஒயில் மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்றால் (ஏசி கொம்பிரசர் போல) அதை மெக்கானிக் எழுதித் தர வேண்டும். கழற்றிய பாகத்தை எறியாதீர்கள். படமும் ஓடோமீற்றர் அளவும் எடுத்து வையுங்கள். கம்பனி அனுமதி தருமுன் கராஜில் கழற்றியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான், இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத விற்பனை பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை அல்லது சேவை நடந்து 3 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே கம்பனியின் பதிலுக்காக நாளைக் கடத்தாமல் இந்த வாரமே கொடுங்கள். காசு தர வேண்டியது காப்புறுதிக் கம்பனி என்றால், முதலில் அவர்களிடம் எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம்.