போன வருஷம் வந்த குருவி இந்த வருஷம் எங்க?

கேள்வி: தம்பி, எனக்கு பேரையூர் பக்கம், வாத்தியார் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். எங்க கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரத்துல தை பொறந்தா சோளக்குருவி வந்து அடையும், சாயங்காலம் புகை மாதிரி சுத்தும், அந்த இரைச்சல்ல பக்கத்துல பேசுறது கேக்காது. ஆனா எல்லா வருஷமும் இல்ல. ஒரு வருஷம் வானமே கருத்துப்போகும், மறுவருஷம் அம்பது தேறாது, அதுக்கடுத்து எட்டியே பாக்காது, அப்புறம் திடீர்னு திரும்ப வரும். இந்த வருஷம் மாசி பாதி ஆயிருச்சு, காணோம். செல்போன் டவரால அழிஞ்சு போச்சுன்னு பேரன் சொல்றான். நெசமா?

பதில்: ஐயா, டவரை விட்ருவோம், பாவம் ஊர்ப்பழி எல்லாத்தையும் அதுதான் சுமக்குது. நீங்க சொல்றது சூறைக்குருவி, மைனாவுக்குப் பங்காளி. வாலாட்டிக்குருவி மாதிரி ஆளுங்க போன வருஷம் மேஞ்ச அதே வரப்புக்கே தேடி வரும், இது அப்படி இல்ல, இதுக்கு சொந்த ஊர்லயே நிலையான அட்ரஸ் கிடையாது. கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், துருக்கின்னு அந்தப் பக்கத்துப் புல்வெளிதான் பொறந்த வீடு. அங்க எந்த வருஷம் எங்க வெட்டுக்கிளி கிளம்புதோ அங்க போய் ஆயிரக்கணக்குல பாறைச் சந்துல கூடு கட்டும், குஞ்சு வளந்ததும் கிளம்பிரும், மறுவருஷம் அதே பாறையில ஒண்ணுகூட இருக்காது. சில வருஷம் கூட்டம் மேற்காலயும் போயிரும், 2018லயும் 2020லயும் ஐரோப்பாவுல எக்கச்சக்கமா போய் இறங்குச்சு.

இந்தியாவோட வடமேற்குல ஜூலை, ஆகஸ்டுலயே வந்துரும், அங்கருந்து இரை பாத்து மெதுவா தெக்க இறங்கும். நாம கடைசிப் பந்தி. மேலயே வயிறு நெறைஞ்சா இம்புட்டு தூரம் வரணும்னு அதுக்கென்ன தலையெழுத்து?

அடுத்தது நம்ம மழை. 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைஞ்சுச்சே, அந்தத் தையில திருமங்கலம் பக்கம் எங்க மானாவாரிக் காட்டுல சோளம் கதிரே பிடிக்கல, ஒரு நாள் ஒரே ஒரு கூட்டம் வந்து ரெண்டு சுத்து சுத்திட்டு கீழ இறங்காமலே போயிருச்சு, எங்கப்பா அண்ணாந்து பாத்துட்டு "அதுக்கும் தெரிஞ்சு போச்சுடா"ன்னாரு. இன்னொண்ணு, உங்க பேரையூர், கல்லுப்பட்டி கரிசல்ல இப்ப எங்க பாத்தாலும் மக்காச்சோளம்தான். அது மட்டைக்குள்ள மூடிக் கெடக்கு, நாட்டுச்சோளக் கதிர் மாதிரி குருவிக்கு லேசுல கிடைக்காது.

நீங்க ஒண்ணு சொல்லல ஐயா. அந்த மரம் இன்னும் நிக்குதா? 2017ல ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்னதும் நிறைய கண்மாய்ல ஜேசிபி இறங்குச்சு, எடுக்க வேண்டியதுதான், ஆனா ராத்திரி அடையுறதுக்கு முள்ளு மரம் இல்லேன்னா கூட்டம் வேற கண்மாய்க்குப் போயிரும். பக்கத்து ஊர்லயும் ஒரு வார்த்தை கேளுங்க. முடிஞ்சா வந்த தேதி, வராத வருஷம் ரெண்டையும் டைரில எழுதுங்க. 2015லருந்து பொங்கல் லீவுல பறவை எண்ணுறாங்க, கால் மணி நேரம் நின்னு எண்ணி ஈபேர்டுன்னு பறவைக் கணக்கு ஏத்துற வெப்சைட் இருக்கு, அதுல ஏத்துனா போதும், பேரன்கிட்ட போனைக் குடுத்து டவருக்குப் பதிலா அதைப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, நான் காலேஜ் படிக்கிறேன். சாமநத்தம் கண்மாய் பக்கம் தையில பாத்த குருவி அழுக்கு ரோஸ்ல இருந்துச்சு, பங்குனில அதே எடத்துல பாத்தது பளிச்சுன்னு இருந்துச்சு. ரெண்டும் வேற வேறயா?

பதில்: ஒண்ணேதாம்மா. புது இறகு முளைக்கும்போது ஓரத்துல மங்கலா ஒரு விளிம்பு இருக்கும், அது தேயத் தேய உள்ள இருக்க ரோஸும் கறுப்பும் வெளிய வரும். நம்ம துணி தேஞ்சா சாயம் போகும், இதுக்கு தேஞ்சாத்தான் சாயம் ஏறும். ஊருக்குப் போய் ஜோடி சேரணும்ல. கொண்டையே இல்லாம மண்ணு கலர்ல, மஞ்ச அலகோட ஒண்ணு நின்னா அது குஞ்சு, அதை வேற சாதின்னு எழுதிராத.

கேள்வி: என்னய்யா குருவியைக் கொஞ்சுறீங்க, எனக்கு ரெண்டு ஏக்கர் சோளம் போச்சு. கவண் எடுக்கலாமா வேணாமா?

பதில்: அண்ணாச்சி, கோபம் நியாயம், சூறைன்னு பேரே அதனாலதான் இருக்கும். எங்க தாத்தா பரண் மேல உக்காந்து தகர டப்பாவைத் தட்டுவாரு, கவண்ல கல்லை வச்சு ஆளில்லாத பக்கமா விடுவாரு, அடிக்க இல்ல, சத்தத்துக்கு. அதைச் செய்யுங்க, கதிர் முத்துற அந்தக் கொஞ்ச நாள்தான். இதே குருவி வெட்டுக்கிளியைத் தின்னு தீக்குதுன்னு சீனாவுல சின்ஜியாங் பக்கம் அது கூடு கட்ட கல்லைக் குவிச்சு வச்சுக் கூப்பிடுறாங்க. அங்க விருந்தாளி, இங்க திருடன். ஒரே குருவி.

கேள்வி: சூறைக்குருவி பாடும் பறவை இனம்னு முன்னாடி போட்டிருந்தீங்க. அது பாடி நான் கேட்டதே இல்லையே?

பதில்: தொண்டை அமைப்பை வச்சு அந்த இனம். பாட்டு நீங்க நெனைக்கிற மாதிரி இருக்காது. எங்க தெருவுல லாரித் தண்ணி வர்ற நேரம் வாங்க, ஏறக்குறைய அதேதான்.