ஸ்பீட்பால் 2 விளையாட்டில் கோல் அடிக்காமலே ஜெயிக்க முடியுமா?

தாராளமாக முடியும். லண்டனின் பிட்மேப் பிரதர்ஸ் நிறுவனம் அமிகா, அடாரி எஸ்டி கணினிகளுக்காக உருவாக்கி, 1990-இல் வெளிவந்த வீடியோ கேம் இது; எதிர்காலத்தில் நடக்கும் ஒரு பந்து விளையாட்டைக் காட்டுகிறது. இரும்புக் கவசம் அணிந்த ஒன்பது பேர் கொண்ட அணிகள், உலோகப் பந்து, ஒரு பாதிக்கு 90 விநாடி.

கோலுக்கு 10 புள்ளி. எதிராளியைக் காயப்படுத்தி வெளியேற்றினாலும் அதே 10! சுவரிலுள்ள நட்சத்திரங்களில் பந்தை அடித்தால் தலா 2.

எனக்கு ரொம்பப் பிடித்தது பக்கச் சுவரிலுள்ள பெருக்கி (multiplier) வளைவுதான். அந்த வளைவுக்குள் பந்தை அனுப்பினால் உங்கள் புள்ளிகளின் மதிப்பு ஏறும். எதிரணியும் அதே வழியாகப் பந்தை அனுப்பி அதைக் குறைக்கலாம். அதனால் முதலில் பெருக்கியைப் பிடியுங்கள், அப்புறம் கோல் பக்கம் போங்கள். போட்டிக்கு நடுவே கேட்கும் விற்பனையாளரின் ‘ஐஸ்கிரீம்!’ கூவலையும் தவறவிடாதீர்கள்.